ஷூவுக்கே உண்டு, நமக்கு?

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விட்டார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எல்லாம் பார்க்கலாம். எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்த மகன், "பயண இன்சூரன்ஸும் போட்டுடலாம்ப்பா" என்றான்.

"எதுக்குடா வீண் செலவு? பென்ஷன்காரங்க காப்பீடுதான் இருக்கே."

"அது வேலூர் ஆஸ்பத்திரிக்குச் சரி. நடுக்கடல்ல நெஞ்சு வலிச்சா?"

அவன் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஏற்றுமதி பார்ப்பவன். "நாங்க ஷூவையே இன்சூரன்ஸ் இல்லாம கப்பல் ஏத்த மாட்டோம்ப்பா" என்றான். எனக்குப் பதில் இல்லை.

படிவத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்கள்' என்றொரு கட்டம். எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. "எழுதினா பிரீமியம் ஏறும், விட்டுடுங்க" என்றாள் மனைவி. குமாஸ்தாவாக இருந்தவன் நான். மறைத்து எழுதிய படிவங்களின் கதி எனக்குத் தெரியும். பணம் கொடுக்க வேண்டி வரும்போதுதான் அந்தக் கட்டத்தைத் தேடிப் பார்ப்பார்கள். உள்ளதை எழுதினேன். பிரீமியம் ஏறத்தான் செய்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது 'அஸ்யூரான்ஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் படித்தேன்: காப்பீடு, மனத்துணிவு. கப்பலேறிய இரவு கவலையில்லாமல் தூங்கினேன். இரண்டாவது பொருள் எழுபதைத் தாண்டித்தான் புரிந்தது.