ஒரு நிமிடத்தில் தாத்தா

சென்ற பள்ளி விடுமுறையில் என் தாத்தாவைப் பற்றி ஒரு நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரித்தேன். அவர் தேக்காவில் 40 ஆண்டுகளாகப் பூமாலை கட்டி விற்பவர்.

முதல் சில விநாடிகளில் மனத்தைக் கவராவிட்டால், பார்ப்பவர்கள் விரலால் தள்ளிவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடுவார்கள். ஆகவே, தாத்தாவின் விரல்கள் மின்னல் வேகத்தில் பூத்தொடுக்கும் காட்சியை முதலில் வைத்தேன். அவர் பேச்சை நிறுத்திய இடங்களையெல்லாம் வெட்டினேன், துள்ளலிசையைச் சேர்த்தேன். இரண்டே நாளில் ஆயிரக்கணக்கானோர் பார்த்தனர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தாத்தாவிடம் பெருமையோடு காட்டினேன். "நல்லா இருக்குய்யா. ஆனா, பாட்டியப் பத்திச் சொன்னேனே, அது எங்க?" என்று கேட்டார்.

நான் வாயடைத்துப் போனேன். அவருக்கு மாலை கட்டக் கற்றுக்கொடுத்தவர் மறைந்த என் பாட்டிதான். அதைச் சொன்னபோது தாத்தா சற்று நேரம் மல்லிகைச் சரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியைத்தான் நான் வெட்டியிருந்தேன். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்ததால், அவர் பக்கத்தில் இருந்த பாட்டியின் முக்காலியும் படத்தில் விழவில்லை.

குறுகிய நேரம்தான் குற்றமா? 1895ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் திரையிட்ட பத்துப் படங்களில் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்திற்கும் குறைவானதே. ஆனால், அவர்கள் கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, நடப்பதைப் பொறுமையாகப் பதிவுசெய்தார்கள். நானோ, பொறுமையையே வெட்டிவிட்டேன்.

இன்று திரையுலகமும் மாறி வருகிறது. முன்னோட்டங்கள் கைப்பேசித் திரைக்கேற்ப நெட்டையாக வருகின்றன. எல்லாரும் ஆடிப் பதிவேற்றுவதற்கென்றே பாடல்களில் எளிய நடன அசைவுகள் சேர்க்கப்படுகின்றன. இதில் நன்மையும் உண்டு. படச்சுருளும் பெரிய கேமராவும் இல்லாமலே என்னைப் போன்ற மாணவனும் படமெடுக்க முடிகிறதே!

கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து மீண்டும் படமெடுத்தேன். ஆறு நிமிடப் படம் அது. முக்காலியும் இருந்தது, அமைதியும் இருந்தது. இணையத்தில் 41 பேர்தான் பார்த்தார்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் போட்டுக் காட்டினேன். படம் முடிந்ததும் தாத்தா கண்களைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னொரு தடவ போடுய்யா."