கட்டுவிரியன், ஊறுகாய் ஜாடி, கண் இமை

"டாக்டர், அந்த ஊறுகாய் ஜாடி போட்டோ எந்த கேமராவுல எடுத்தீங்க?"

போன வாரம் போட்ட படத்துக்கு இதே கேள்வி இன்பாக்ஸில் நிறைய வந்திருக்கு. மக்களே, அது போட்டோ இல்லை. ஏஐ-யும் இல்லை. மவுஸைப் பிடிச்சு, கோடு கோடாக, பதினோரு ராத்திரி உட்கார்ந்து வரைந்தது. எப்படின்னு கேட்டவங்களுக்காக இந்த இழை. கொஞ்சம் நீளம். நடுவுல பாம்பு வரும், பயந்துடாதீங்க.

முதல்ல ஒரு விஷயம். போட்டோ என்பது புள்ளிகளின் கூட்டம். பெருசாக்கினால் கட்டம் கட்டமா உடையும். வெக்டர் படம் அப்படி இல்லை. அது கோலம் மாதிரி. நம்ம வீட்டுப் பெண்கள் கோலத்தைப் படமா மனசுல வச்சிருக்கறதில்லை. "இந்தப் புள்ளியில ஆரம்பிச்சு, அதைச் சுத்தி வளைச்சு, இங்க முடி"ன்னு வழியாத்தான் வச்சிருக்காங்க. அதனால்தான் அதே சிக்குக் கோலம் வாசல் படியிலும் அடங்குது, மார்கழியில் தெருவை அடைச்சும் விரியுது. வெக்டர் மென்பொருளும் படத்தைச் சேமிப்பதில்லை, வழியைச் சேமிக்குது. புள்ளி எங்கே, வளைவு எவ்வளவு, உள்ளே என்ன நிறம், அவ்வளவுதான்.

இந்த வளைகோட்டுக் கணக்கு ஓவியர்கள் கண்டுபிடிச்சதில்லைங்கறது எனக்குப் பிடிச்ச தகவல். கார் கம்பெனிக்காரங்க வேலை அது. 1959 வாக்கில் சிட்ரோயனில் பால் தெ காஸ்தெல்ஜோ, அதுக்கப்புறம் 1960-களில் ரெனோவில் பியர் பெசியே. கார் பாடியின் வளைவைக் கணக்காக எழுதி வைக்கத்தான் இதை உருவாக்கினாங்க. பெயர் என்னவோ பெசியேவுக்குப் போயிடுச்சு. இன்னைக்கு கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் கோரல் டிராவில் பிள்ளையார் வரையறதும் அதே கணக்கில்தான்.

நான் பயன்படுத்துறது இங்க்ஸ்கேப். 2003-லிருந்து இருக்கு, இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் ஓடுது. மென்பொருள் விலை பார்த்துத் தயங்குறவங்களுக்கு ஜப்பானின் தத்சுவோ ஹொரியுச்சியைச் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு படம் வரைய ஆசைப்பட்டவர். ஓவிய மென்பொருளுக்குக் காசு கொடுப்பானேன்னு, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த எக்செல்லில் வரைய ஆரம்பிச்சார். ஆமாம், கணக்கு போடுற எக்செல்தான். அதிலிருக்கும் கோடு போடும் கருவிகளை வச்சு மலை, பூ மரம், பனின்னு வரைஞ்சு தள்ளினார். 2006-ல் அதுக்கான போட்டியில் பரிசும் வாங்கினார்.

சரி, ஜாடிக்கு வருவோம்.

நான் வேலை பார்க்கிற கம்மாபுரம், நெய்வேலிக்கும் விருத்தாசலத்துக்கும் பக்கத்துல இருக்கிற ஊர். நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே வெள்ளைக் களிமண்ணும் வரும். அதை நம்பித்தான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. சாமி பொம்மை, ஃபியூஸ் கட்டை, ஜாடி எல்லாம் சூளையிலிருந்து வரும் ஊர். கண்ணு முன்னாடி பளபளன்னு பொருள் இருக்கும்போது வரைய வேறெதைத் தேடுவது?

பீங்கானை நிஜம்போல வரைவது கஷ்டம்னு நினைப்போம். உண்மையில் தோல்தான் கஷ்டம், பீங்கான் நேர்மையானது. ஜாடியின் பழுப்பு மெருகை உத்துப் பாருங்க. அதில் பாதி பழுப்பே இல்லை. ஜன்னலின் வெள்ளைச் சதுரம் தோள்பட்டையில் வளைஞ்சு கிடக்கும். மேசையின் நிறம் அடிவயிற்றில் தெரியும். வெளிச்சத்தின் விளிம்பு சில இடத்தில் கத்தியால் வெட்டின மாதிரி, சில இடத்தில் புகை மாதிரி. வெட்டின விளிம்புக்குத் தனி வடிவம். புகை விளிம்புக்கு மெஷ் கிரேடியன்ட், அதாவது மீன்வலை மாதிரி ஒரு வலையை ஜாடி மேல போர்த்தி, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு நிறம் கொடுப்பது. நான் ஜாடிக்கு மட்டும் இருநூறு முடிச்சுக்கு மேல கொடுத்தேன். மனசு "ஜாடி பழுப்பு"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். கண்ணு சொல்றதை மட்டும் கேட்கணும். மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு "முதலில் பார், தொடுவது அப்புறம்"னு சொல்லிக் கொடுத்தாங்க. அதை எனக்கு ஒழுங்காகப் பழக்கினது இந்த ஜாடிதான்னு சொன்னால் என் பேராசிரியர்கள் கோவிச்சுப்பாங்க.

அடுத்து பாம்பு.

எங்க பக்கம் முந்திரித் தோப்பும் வயலும். கட்டுவிரியன் கடி புதுசில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவங்க சுமார் 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சராசரி 58,000 என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவிச்சது. விழிப்புணர்வுக்கு ஒரு படம் வரையலாமேன்னு உட்கார்ந்தேன்.

கட்டுவிரியன் போட்டோக்களில் ஒரு தொல்லை உண்டு. உடம்பு பளபளப்பு. ஃபிளாஷ் அடிச்சால் வெளிச்சம் முதுகில் தெறிச்சு, பட்டை எது, வெளிச்சம் எதுன்னே தெரியாது. வரைஞ்சால் வெளிச்சத்தை நாமே வைக்கலாம். ஜாடியில் கத்துக்கிட்ட அதே வித்தை, நிறம் மட்டும் நீலம் கலந்த கறுப்பு. நடு முதுகில் ஓடும் செதில் வரிசை மற்றதைவிடப் பெருசு, அறுகோணம். ஒரே ஒரு செதிலை நல்லா வரைஞ்சுட்டு, வளைகோட்டின் வழியாக அதையே வரிசையாகப் பதிய வைக்கலாம். இங்க்ஸ்கேப்பில் அந்த வசதி இருக்கு. மெலிசான வெள்ளைப் பட்டைகள், இரண்டிரண்டாக, கழுத்துப் பக்கம் மங்கி வால் பக்கம் தெளிவாக. பக்கத்திலேயே விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் வரைஞ்சேன். அதுக்குப் பட்டை கழுத்திலேயே தெளிவா ஆரம்பிச்சு, வால் பக்கம் மங்கும். இரண்டும் பக்கம் பக்கமா வந்து நின்னப்போ, அடடா, எனக்கே கை கொடுத்துக்கத் தோணுச்சு.

ஆனால் அந்த ஒப்பீட்டுப் படத்தை நான் சுவரில் மாட்டவில்லை.

யோசிச்சுப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணி. பாயில் படுத்திருந்தவருக்கு ஏதோ சுருக்குனு இருந்திருக்கு. டார்ச் அடிச்சால் ஒரு பாம்பு ஓடுது. வீட்டில் ஒருத்தர், "நான் ஆஸ்பத்திரியில படம் பார்த்திருக்கேன், பட்டை கழுத்துலேயே இருந்துச்சு, இது விஷமில்லாதது, படு"ன்னு சொன்னால்? சில குட்டிக் கட்டுவிரியன்களுக்குக் கழுத்தருகிலும் பட்டை இருக்கும். சிலதுக்குப் பட்டையே இருக்காது. படம் எவ்வளவு தத்ரூபமோ, அவ்வளவுக்கு அந்தத் தப்பான தைரியமும் கூடும். சிகிச்சைக்குப் பாம்பின் பெயர் கட்டாயமும் இல்லை. நம்ம விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்துத்தான் தயாராகுது. கடிபட்டவர் உடம்பு காட்டுற அறிகுறியும் ரத்தப் பரிசோதனையும் எங்களுக்கு வழி சொல்லும். பாம்பை அடிச்சுக் கொண்டு வர வேண்டாம், தேடிக்கிட்டு நேரம் போக்கவும் வேண்டாம்.

அப்போ சுவரில் எதை மாட்டுறது? முகத்தை.

கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் வீக்கம் இருக்காது. வலியும் அதிகம் இருக்காது. பல் பட்ட இடமே தெரியாமல் போகலாம். சிலருக்கு விடியற்காலையில் வயிற்று வலின்னு ஆரம்பிக்கும். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலைன்னு சோடா வாங்கிக் கொடுப்பாங்க. அப்புறம் இமை கீழே இறங்கும். விழுங்க முடியாது, பேச்சு குழறும், மூச்சுத் தசை தளரும். வீட்டில் இருக்கறவங்க கண்ணுக்கு முதலில் படக்கூடியது அந்த இமைதான்.

யாரோ ஒரு நோயாளியின் போட்டோவை எடுத்து மாட்ட முடியாது, மாட்டவும் கூடாது. அதனால கண்ணாடி முன்னாடி உட்கார்ந்து என் முகத்தையே வச்சு வரைஞ்சேன். முதல் வரைவைப் பார்த்த எங்க சிஸ்டர், "என்ன சார், நைட் டூட்டி முடிச்சுத் தூங்கி வழியற மாதிரி இருக்கீங்க"ன்னாங்க. ரொம்பச் சரியான விமர்சனம். தூக்கத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் இமையில் மட்டும் இல்லை, நெத்தியில் இருக்கு. தூங்குறவன் நெத்தி தளர்ந்திருக்கும். இமைத் தசை செயலிழந்தவர் ஆரம்பக் கட்டத்தில் நெத்தியைச் சுருக்கி, புருவத்தை மேலே இழுத்து, தலையைக் கொஞ்சம் பின்னால சாய்ச்சுப் பார்க்க முயல்வார். அப்படியும் இமை ஏறாது. சாதாரணமா மேல் இமை கருவிழியை 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் மூடும். படத்தில் பாப்பாவின் பாதிவரை இறக்கினேன். நெத்தியில் நாலு சுருக்கம் சேர்த்தேன். முகம் மாறிப்போச்சு. வெளி நோயாளி வரிசையில் நின்ன ஒரு பாட்டி திரையைப் பார்த்துட்டு, "ஐயய்யோ, இந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க. அதோட நிறுத்திட்டேன்.

தோல் நிறத்துக்குத்தான் அதிக நேரம் போச்சு. இணையப் பாடங்கள் எல்லாம் ரோஸ் நிறத் தோலுக்கு. நம்ம தோலின் நிழலுக்குக் கறுப்பு கலந்தால் கரி பூசின மாதிரி செத்துப்போகும். செம்பழுப்பும் கொஞ்சம் கத்திரிப்பூ நிறமும் வேணும். எங்க மருத்துவப் புத்தகங்களின் படங்களிலும் வெள்ளைத் தோல்தான் அதிகம். நைஜீரியாவின் சிடிபேரே இபே வரைந்த கறுப்பினக் கருவின் படம் 2021 டிசம்பரில் உலகம் முழுக்கப் பரவினது நினைவிருக்கலாம். அதுவரைக்கும் அப்படி ஒரு படத்தைப் பார்த்ததே இல்லைன்னு ஆயிரக்கணக்கானவங்க சொன்னாங்க.

இப்போ அந்த முகம் ஏ4 தாளிலும் இருக்கு, ஆறடி பிளெக்ஸிலும் இருக்கு. ஒரே கோப்புதான், எங்கேயும் உடையலை. கீழே மூணு வரி: தரையில் படுத்திருந்தீர்களா? இமை இறங்குகிறதா? 108-ஐக் கூப்பிடுங்கள். கூடவே, கட்டிலில் படுப்பது, கொசுவலையைப் பாய்க்கடியில் செருகுவது பற்றி ஒரு சின்னப் படம். கட்டுவிரியன் தனியா என் லேப்டாப்பில் அழகா சுருண்டு கிடக்கு.

அடுத்ததா கர்ப்பிணிகளுக்காகக் கீழ் இமையின் உட்புறத்தை வரைஞ்சுக்கிட்டிருக்கேன், ரத்தசோகையில் எப்படி வெளுக்கும்னு காட்ட. இங்கே ஒரு சிக்கல். திரையில் சரியா வர்ற வெளுத்த ரோஸ், பிளெக்ஸ் மெஷினின் நாலு மையில் அச்சானதும் சிவந்துடுது. சிவந்தால் சோகையே இல்லாத கண்ணாயிடும். பிரிண்டிங் லைன்ல இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சால், இதுக்கு என்ன செய்வீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க.