உச்சிக்குழி

சென்ற கார்த்திகையில் மகளின் நச்சரிப்புத் தாளாமல் தூத்துக்குடியில் ஒருவரிடமிருந்து சிவாவா வகை நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்தோம். இரண்டு மாதக் குட்டி, 600 கிராம் எடை. பேருந்தில் வரும்போது ஒரு துண்டுக்குள் சுருண்டு என் மடியில் கிடந்தது. சாகுபுரத்தில் இறங்கும்வரை அது விழிக்கவே இல்லை. கறுப்பு நிறமாதலால் மகள் மிளகு என்று பெயரிட்டாள். 'பறழ்', 'குட்டி', 'குருளை' என்று இளமைப் பெயர்கள் ஒன்பதை வரிசைப்படுத்தும் தொல்காப்பியர், நாயின் இளமைக்குக் குருளை என்ற பெயரைத் தருகிறார் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இம்மாதிரி தகவல்கள் காதில் விழுவதில்லை.

மறுநாள் காலை அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். குட்டியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"ஏல, இதுக்கு இன்னும் உச்சி மூடலயே, பாத்தியா?"

நான் விரலை வைத்துப் பார்த்தேன். நெற்றிக்குச் சற்று மேலே, உச்சியில், புளியங்கொட்டை அளவுக்கு எலும்பே இல்லை. தோலும் அதனடியில் ஒரு வெதுவெதுப்பும் மட்டும். கூர்ந்து கவனித்தால் ஒரு துடிப்பு. விரலை அங்கே வைத்திருக்கவும் முடியவில்லை, எடுக்கவும் மனம் வரவில்லை.

விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சிரித்தார். "சார், அதுதான் ஒரிஜினலுக்கு அடையாளம். குழி இல்லேன்னாத்தான் நீங்க சந்தேகப்படணும்."

இதை முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. இந்தக் குழிக்கு மொலேரா என்று பெயர். மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தின் பெயர் தாங்கிய இந்நாயினத்துக்கு அமெரிக்க நாய் வளர்ப்போர் கழகம் வகுத்துள்ள இலக்கணத்தில், ஆப்பிளைப் போல உருண்ட தலை வேண்டும், மொலேரா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றே உள்ளது. அந்த 'இருக்கலாம்' கடல் கடந்து நம் சந்தைக்கு வருவதற்குள் 'இருக்க வேண்டும்' ஆகிவிட்டது. வினைமுற்று ஒன்று மாறினால் வியாபாரம் எப்படி மாறும் என்பதற்கு வகுப்பில் சொல்ல நல்ல எடுத்துக்காட்டு.

மனிதக் குழந்தையானாலும் நாய்க்குட்டியானாலும் மண்டையோடு ஒரே எலும்பாகப் பிறப்பதில்லை. தனித்தனி ஓடுகளாகப் பிறந்து, மூளை வளர இடம் கொடுத்து, பிறகு விளிம்புகளில் தைத்துக்கொள்கின்றன. நம் குழந்தைகளுக்கு முன்னுச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுவாக்கில் மூடிவிடும். நாய்களுக்கு இது சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் முடிந்துவிட வேண்டிய காரியம். ஆனால் கைக்குள் அடங்கும் நாய் வேண்டும் என்று மனிதன் தலைமுறை தலைமுறையாகச் சிறியதையும் சிறியதையும் இணைசேர்த்ததில், தைக்கும் வேலை பாதியில் நின்றுபோன தலைகள் பிறக்கத் தொடங்கின. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 50 சிவாவா நாய்களின் மண்டைகளைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 46 நாய்களுக்கு எங்கேனும் ஓரிடத்தில் மூடாத குழி இருந்திருக்கிறது. உச்சியில் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் பின்புறத்திலும்கூட. நம் விரலுக்குத் தட்டுப்படுவது அவற்றில் ஒன்று மட்டுமே.

குழியோடு நெடுநாள் நலமாக வாழும் நாய்கள் உண்டு. மூளைக்குள் நீர் தேங்கி, கண்கள் வெளிப்புறமாகக் கீழே சரிந்து, ஒரே திசையில் வட்டமடித்து, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும் குட்டிகளும் உண்டு. எந்தக் குழி எந்த வகை என்று தடவிப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா வேறொன்று செய்துகொண்டிருந்தாள். நாள்தோறும் காலையில் விளக்கெண்ணெயை ஒரு சொட்டு விரலில் தொட்டுக் குட்டியின் உச்சியில் வைத்தாள். அது அவசியமில்லை என்றேன். பதிலில்லை. பேத்தி அதை மடியிலிருந்து தரையில் குதிக்க விட்டபோது, நான் அதுவரை கேட்டிராத குரலில் அம்மா கத்தினாள். பிள்ளை அழுதுவிட்டாள். அன்று இரவு நானும் அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். நாய்க்கு இவ்வளவா என்று கேட்டேன்.

"செல்வத்துக்கு உச்சி விழுந்தது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

செல்வம் என் தம்பி. 1985இல் ஏழு மாதக் குழந்தையாக இறந்துபோனான். எனக்கு அப்போது ஐந்து வயது. வயிற்றுப்போக்கு கண்டு மூன்றாம் நாள். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று யாரோ பெரியவர்கள் சொல்ல, கொடுக்காமலே வைத்திருந்திருக்கிறார்கள். குழந்தையின் உச்சி குழிந்துகொண்டே வந்ததை அம்மா விரலால் அளந்தபடி இருந்திருக்கிறாள். 'உச்சி விழுந்துட்டு' என்று பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். உச்சி விழுவது நோயல்ல, உடலில் நீர் வற்றிவிட்டதன் அடையாளம் என்று சொல்ல ஆளில்லை.

1971இல் வங்கதேச அகதிகள் முகாமில், போங்காவ் என்ற எல்லையூரில், திலீப் மகலானபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காலரா நோயாளிகளைக் காப்பாற்றியிருந்தார். அங்கே 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பதினான்கு ஆண்டுகள் கழித்தும் அச்செய்தி எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றால் அம்பாரம் அம்பாரமாக உப்பு தெரியும்.

அம்மா அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தமிழில் அன்புக்கு உச்சிமோத்தல் என்றொரு சொல் இருப்பதை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அம்மா என் பிள்ளைகளின் தலையை மோந்து நான் பார்த்ததில்லை. தொட்டுத்தான் பார்ப்பாள். ஏனென்று அன்றுதான் விளங்கியது.

தை மாதத்தில் மிளகைத் திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அம்மாவும் வருவேன் என்று புறப்பட்டுவிட்டாள். மருத்துவர் இளம்பெண், பொறுமையானவர். எலும்பில்லாத அந்த இடத்தின் வழியாகவே ஸ்கேன் கருவியின் ஒலியலைகளை அனுப்பி மூளையைப் பார்க்க முடியும் என்றார். குறையே சன்னலாகப் பயன்படும் விந்தை. மூளையின் நீரறைகள் கொஞ்சம் பெரிதாக இருக்கின்றன, ஆனால் நடையிலும் பார்வையிலும் கோளாறு இல்லை, இப்போதைக்கு மருந்து வேண்டாம், கவனித்து வாருங்கள் என்றார். உயரத்திலிருந்து குதிக்க விடக்கூடாது. கழுத்தில் பட்டை கட்டாமல் மார்பில் வார் கட்ட வேண்டும். இவ்வளவு சிறிய குட்டிகளுக்குச் சர்க்கரை சட்டென இறங்கிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை உணவு தர வேண்டும். இதைக் கொண்டு குட்டி ஈனவைக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

"எண்ண வைக்கலாமா டாக்டரம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"வைங்க பாட்டி. அழுத்தாம வைங்க" என்றார் அவர்.

இப்போது ஆடி. மிளகு இரண்டு கிலோவை எட்டவில்லை. முற்றத்துப் பூனையிடம் வம்புக்குப் போய் அடி வாங்கி வருகிறது. மகள் அதைத் தூக்கும்போது தலைக்கு அடியில் கைகொடுக்கப் பழகிவிட்டாள். தினமும் எண்ணெய் வைத்து முடிந்ததும் அம்மா எனக்குக் கேட்கும்படி அளவு சொல்வாள். புளியங்கொட்டையாக இருந்தது பங்குனியில் துவரம்பருப்பு ஆயிற்று. நேற்றும் துவரம்பருப்புத்தான்.