மணற்காட்டில் ஒரு மாலை

பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே வல்லிபுர ஆழ்வார் கோவிலைக் கடந்து செல்வோர்க்கு, செம்மண் தோட்டங்களிற் பழகிய கண்கள் கூசுமாறு வெண்மணற் பரப்பொன்று எதிர்ப்படும். புரட்டாதி மாதத்துக் கடற்றீர்த்தத்துக்காகக் கோவிலயல் மணலிற் கால் புதைய நடந்தவர் மிகப் பலர். எனினும், தீர்த்தமாடித் திரும்பும் விரைவில் மணலை நின்று நோக்குவார் யார்? நாம் அதனை நோக்கவென்றே சற்று அப்பாலுள்ள மணற்காட்டுக்குச் சென்றோம்.

அலை கரையிற் சாய்வாக ஏறுகின்றது. நீரோ நேராக இறங்குகின்றது. ஆதலால் மணல் ஏறியிறங்குந்தோறும் கரை வழியே சிறிது பெயர்ந்துகொண்டேயிருக்கும். வெயிலில் உலர்ந்ததும் அது காற்றின் வசமாகும். தத்தித் தத்திச் செல்லும் மணற்றுகள் செடியொன்று தடுக்குமிடத்தில் விழுந்து தங்கும், அதன்மேல் இன்னொன்று. இவ்வாறு வளரும் மேட்டின் காற்றுமுகம் மெல்லச் சரிந்திருக்கும். மறுபுறம் செங்குத்தாகத் தோன்றும். அளந்து பார்ப்பின் அதுவும் ஏறக்குறைய 34 பாகைதான். அதற்கு மேற்படின் மணல் தானே வழிந்துவிடும்.

தடுக்குஞ் செடிகளுள் முதன்மையானது அடம்பன். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று ஒற்றுமையைப் பற்றிக் கட்டுரை வரையாத மாணவன் எங்கள் கல்லூரியில் இல்லை. அக்கொடியைக் கண்டவனோ அரியன். ஊதா மலரும் நுனி பிளந்த இலையுமுடைய இது, கணுத்தோறும் வேர்விட்டு மணலைத் தைத்துவிடுகின்றது. முள்ளுருண்டைகளைக் காற்றில் உருளவிடும் இராவணன் மீசையும் இதற்குத் துணை.

தையலில்லாத மணல் நடக்கும். பழைய அந்தோனியார் கோவிலின் கூரையற்ற சுவர்கள் மணலிற் புதைந்து நிற்பதைக் கண்டோம். இப்பகுதியில் நாட்டப்பட்ட சவுக்கு மரங்கள் காற்றைத் தணிக்கின்றன என்பது மெய்யே. ஆயினும் அவற்றின் சருகினடியில் வேறு பூண்டு முளைத்தல் அருமை. கடலை நோக்கிய முன்மேட்டையேனும் அடம்பனுக்கு விட்டுவிடுதல் நன்று என்பது எமது கருத்து.

மேட்டின் பெறுமதியை 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை காட்டிற்று. இத்தீவின் தென்கிழக்கே யாலைக் கரையில், கடற்காட்சி மறையாதிருக்க முன்னிருந்த மணல்மேட்டிற் சிறிது அகற்றிய விடுதியொன்று முற்றாக அழிந்தது. மேடு குலையாதிருந்த அயலிடங்களிற் சேதம் குறைவு.

இங்கோ மேடு மதில் மட்டுமன்று, நீர்த்தொட்டியுமாகும். மணலுள் இறங்கிய மழைநீர், பாரமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். கடன்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீருண்டு என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தாற் கீழே 40 அடி குறையும்!

வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இக்கணக்கை விளக்கத் தொடங்கினோம். அவர் தலை நிமிராமலே, "ஓம் வாத்தியார், மண்ணை அள்ளினால் கிணறு உவராய்ப் போகுமெல்லோ" என்றார்.

உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியை 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் காக்கின்றது. ஆயினும் நாம் திரும்பிய வழியில், மேடொன்றின் பின்புறத்தே, உழவு இயந்திரத்தின் சக்கரத் தடங்கள் இரண்டு அடம்பன் கொடிகளை அறுத்துச் சென்றிருந்தன. தடம் புதியது, ஓரங்கள் இன்னும் சரியவில்லை.