அஞ்சலி: ஓ.எம்.நம்பியார்

2021 ஆகஸ்ட் 19 அன்று, வடகரையை அடுத்த மணியூரில் ஓ.எம்.நம்பியார் மறைந்தார். பி.டி.உஷாவின் பயிற்சியாளர் என்றே நம்மில் பெரும்பாலோர் அவரை அறிவோம்.

விமானப் படையில் பணியாற்றியவர்; பின்னர் கேரளத்தில் பயிற்சியாளரானார். 1976இல் கண்ணூரில் சிறுமியருக்கென விளையாட்டுப் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கு வந்த பய்யோளிச் சிறுமியின் மெலிந்த உடலையும் வேகநடையையும் கண்டே அவளுக்குள் இருந்த ஓட்டக்காரியை அவர் அடையாளம் கண்டுகொண்டார். பய்யோளிக் கடற்கரை மணல் அவர்களது பயிற்சிக்களமாயிற்று.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. வெண்கலம் வென்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 விநாடி, உஷாவுடையது 55.42. நூறில் ஒரு பங்கு விநாடியைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அந்த மணலிலிருந்து அந்த இறுதிக்கோடு வரை ஒரு பெண்ணை அழைத்துவந்த எட்டாண்டுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆசிரியரின் உழைப்பு அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

1985இல் துரோணாச்சாரியார் விருது நிறுவப்பட்டபோது அதை முதலில் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதோ, அவர் மறைந்த அதே 2021இல்.

விருதின் பெயர்தான் நமக்குச் சற்று உறுத்துகிறது. துரோணர் அரசகுமாரர்களின் ஆசான். ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டவர். நம்பியாரோ அரண்மனை வாசலில் நிற்கவில்லை. கடலோரக் கிராமத்துப் பிள்ளையின் கால்களை நம்பினார்.

நம் சிற்றூர்ப் பள்ளி மைதானங்களில் இன்னும் அப்படிச் சிலர், கழுத்தில் விசிலோடு, பிள்ளைகளின் நடையைக் கவனித்தபடி நிற்கிறார்கள். அவர்களையும் நினைத்துக்கொண்டே நம்பியாருக்கு அஞ்சலி செலுத்துகிறோம்.