படிவம் அஞ்சலாகி வரும்போது

கோயம்புத்தூரின் பம்ப், வெட் கிரைண்டர் நிறுவனங்களுக்கு இணையதளப் படிவத்தில் நிரப்பப்படும் விசாரணைகள் மின்னஞ்சலாக வந்து சேர்வது வழக்கம். பெயர், ஊர், கைப்பேசி எண், எத்தனை எச்பி, போர் எத்தனை அடி என்று வரிவரியாக வரும் விவரங்களைப் பிரித்து விற்பனைப் பதிவேட்டில் தானாக ஏற்றும் நிரலை எழுதுவோருக்கு, அவற்றைத் தேடி எடுப்பதைவிட, எடுத்ததை நம்பலாமா என்று தீர்மானிப்பதே பெரிய வேலையாக இருக்கிறது.

திரையில் தெரியும் அஞ்சல் அப்படியே நிரலின் கைக்கு வருவதில்லை. மின்னஞ்சலின் உள்ளடக்கத்தைக் கட்டும் விதிமுறையான மைம், ஒரே செய்தியை வெற்று உரையாகவும் எச்டிஎம்எல் ஆகவும் இரு பகுதிகளாக வைக்க இடம் தருகிறது. தமிழ் எழுத்துகளோ பெரும்பாலும் பேஸ்64 போன்ற முறையில் ரோமன் எழுத்துகளாகவும் எண்களாகவும் உருமாறி வருகின்றன. இவற்றை அவிழ்த்த பிறகும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. யூனிகோடில் 'கோ' என்னும் எழுத்தை, ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டு குறியீடுகளாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. கோவை, கோபி என்று ஊர்ப்பெயர்கள் நிறைந்த வட்டாரத்தில், எல்லா எழுத்துகளையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தை முதலில் செய்யாத நிரல், கண்முன் இருக்கும் ஊரையே இல்லை என்று சொல்லிவிடும்.

சில புலங்கள் தம் மெய்ம்மைக்கான சான்றைத் தாமே சுமந்து வருகின்றன. ஜிஎஸ்டி பதிவு எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்க (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண்ணாக அமைய, கடைசி எழுத்து முந்தைய 14 இடங்களிலிருந்து கணக்கிடப்படுவதால், ஓர் எழுத்து பிசகினாலும் கணக்கு இடித்துவிடும். அஞ்சல் குறியீடும் ஓரளவுக்கு உதவும்: ஊர் ஈரோடு என்றிருந்து குறியீடு 638-க்குப் பதில் 641-இல் தொடங்கினால் ஒருவர் பார்ப்பது நல்லது.

தேதிக்கு அத்தகைய காவல் இல்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு வரும் ஆர்டரில் கப்பலேற்றும் நாள் 03/04 என்றிருந்தால், அமெரிக்கக் கொள்முதலாளருக்கு அது மார்ச் 4, ஐரோப்பியருக்கு ஏப்ரல் 3. சரக்கு தயாராவதற்கான காலத்தில் ஒரு மாதமே போய்விடும் என்பதால், நிரல் ஊகிக்காமல் அந்தப் புலத்தை வெறுமையாக விட்டு மெர்ச்சண்டைசரின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். வெற்றுப் புலம் கேள்வி எழுப்பும். தவறான தேதி ஐயமே எழாமல் தையல் பிரிவுவரை போய்விடும்.

படிவ ஒழுங்கின்றிக் கடிதநடையில் வரும் அஞ்சல்களை இப்போதைய மொழி மாதிரிகள் நன்றாகவே வாசிக்கின்றன, ஆனால் இல்லாத எண்ணைப் பொருத்தமாக இட்டு நிரப்பும் பழக்கமும் அவற்றுக்கு உண்டு. ஆகவே கவனமாகக் கட்டப்பட்ட அமைப்புகளில், மாதிரி எடுத்துத் தரும் பெயரும் எண்ணும் இயல்பாக்கிய மூல அஞ்சலில் எழுத்துக்கு எழுத்து இருக்கின்றனவா என்று பழைய பாணி நிரல் ஒன்று பார்த்த பின்பே பதிவேட்டில் ஏறுகின்றன.