கேட்காமல் போட்ட உத்தரவு

முகையூர் ஒன்றியத்துக் கிராமங்களிலிருந்து என்னிடம் வருகிற நில வழக்குகளில் யூ.டி.ஆர். கோளாறு அதிகம். 1980களில் நில உடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டம் (யூ.டி.ஆர்.) நடந்தபோது, பங்காளிகள் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்ட நிலங்களில் பெயர்கள் மாறிப்போயின. அனுபவம் ஒருவரிடம் இருக்கும், பட்டா இன்னொருவர் பெயரில் நிற்கும். பிள்ளைகள் காலத்தில் ஒருவர் விற்கப் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இந்த வழக்கும் அப்படித்தான் வந்தது. கட்சிக்காரர் எழுபதைத் தாண்டியவர். ஒன்றரை ஏக்கர் புஞ்சை, அதில் ஒரு கிணறு. சித்தப்பா மகன் பெயரில் பட்டா ஏறியிருந்தது. கீழ் அலுவலகங்களில் தோற்று, மேலே ஓர் உயர் அதிகாரி முன்பு விசாரணைக்கு நின்றோம். எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்பது இங்கே வேண்டாம். அதிகாரி வெளிமாநிலத்தவர். தமிழ் பேசினால் ஓரளவு புரியும் என்றார்கள். அருகில் ஓர் ஊழியர் நின்று எடுத்துச் சொல்வார்.

பெரியவரைப் பேசச் சொன்னார்கள். அவர் கைகட்டி நின்று ஆரம்பித்தார். "ஐயா, எங்க நைனா இருக்கும்போதே பாகம் பிரிஞ்சிடுச்சிங்க. வடவண்ட சித்தப்பாவுக்கு, தெக்கால எங்களுக்கு. நடுவுல பனமரம் வரப்பு. கெணறு நாங்க வெட்டுனதுங்க. கரண்டு வாங்கறதுக்கு எங்க வூட்டுக்காரம்மா கம்மல வச்சித்தான் பணம் கட்டுனேன். அந்த வருசம் மல்லாட்ட போட்டிருந்தோம்..." கிணறு எந்த ஆழத்தில் பாறையைத் தொட்டது, யார் வெடி வைத்தார், வரப்புத் தகராறு வந்தபோது ஊரில் யார் யார் உட்கார்ந்து பேசினார்கள், எல்லாம் சொன்னார். பல நிமிடம் பேசினார். எனக்கு அதில் ஒவ்வொரு வரியும் சாட்சியம்.

அவர் நிறுத்தியதும் ஊழியர் அதிகாரி பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: நிலம் வெகுகாலமாகத் தன் அனுபவத்தில் இருக்கிறதென்று சொல்கிறார், சார். அதிகாரி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். நான் எழுந்து கிணற்றையும் மின் இணைப்பையும் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். ஆனால் அது வக்கீல் வாதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. கிணறு வெட்டியவன் வாயால் சொல்வதற்கும் வக்கீல் சொல்வதற்கும் உள்ள எடை வேறு. எதிர்த்தரப்புக்கு அந்தச் சிரமம் இல்லை. அவர்களுக்கு ஆங்கிலம் சரளமாகப் பேசும் மகன் இருந்தான். அதிகாரி அவனிடம் நேராகவே கேள்வி கேட்டார், பதில் வாங்கினார்.

உத்தரவு வந்தது. மனுதாரர் தன் அனுபவத்துக்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று இருந்தது. மின் கட்டண ரசீதுகளும் அடங்கலும் கோப்பிலேயே இருந்தன. அவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த அதிகாரி கெட்ட எண்ணம் கொண்டவர் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நேரம் தவறாதவர், கை சுத்தமானவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அவருக்குக் கிடைத்த செய்தியை வைத்து அவர் முடிவெடுத்தார். கிடைத்த செய்தியிலேயே பெரியவர் சொன்னது இல்லை.

அப்போது முதல் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம் 2016-இன் 21-ஆம் பிரிவு, அரசுப் பணியில் சேருபவருக்குப் போதிய தமிழறிவு வேண்டும் என்கிறது. இல்லாதவர் 2 ஆண்டுக்குள் தமிழ்த் தேர்வில் தேற வேண்டும். பிறகு வந்த திருத்தத்தின்படி, தேர்வாணையத் தேர்வு எழுதுகிறவர் தமிழ்த் தாளில் 40 விழுக்காடாவது எடுத்தாக வேண்டும். 2025 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்த வழக்கு பலருக்கு நினைவிருக்கும். கடற்படையில் வேலை பார்த்த தந்தையோடு வெளியூர்களில் படித்து வளர்ந்த ஒரு மின்வாரிய இளநிலை உதவியாளர், தமிழ்த் தேர்வில் தேறாததால் வேலை இழந்து நீதிமன்றம் வந்திருந்தார். தமிழ் தெரியாமல் அரசு அலுவலகத்தில் எப்படி வேலை பார்ப்பது என்று நீதிபதிகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதே கேள்வியை மேலே உள்ள நாற்காலிகளைப் பார்த்தும் கேட்க வேண்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளும் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மாநிலத்தின் மொழியில் பயிற்சிக் காலத்திலேயே தேர்வு எழுதுகிறார்கள். ஆனால் அந்தத் தேர்வில் தேறுவது ஒன்று, முகையூர்ப் பக்கத்துப் பெரியவர் மூச்சு விடாமல் பேசுவதைப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. எழுத்தர் தவறாகப் புரிந்துகொண்டால் மேலே திருத்த ஆள் இருக்கிறார். உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர் தவறாகப் புரிந்துகொண்டால் கட்சிக்காரர் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும்.

கனடாவில் இந்தக் கேள்வியை உச்சிப் பதவி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே 2011-இல் பிரெஞ்சு தெரியாத ஒருவரைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளராக நியமித்ததில் பெரிய சர்ச்சை எழுந்தது. 2013-இல் சட்டம் போட்டு, அந்தப் பதவி உட்பட நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான 10 பதவிகளுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் கட்டாயம் என்றாக்கினார்கள். நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் அப்போதைய துணை ஆளுநர் பிரெண்டா மர்ஃபிக்குப் பிரெஞ்சு தெரியாது என்று வழக்கே தொடுத்தார்கள். அந்த நியமனம் அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதது என்று 2022-இல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், உயர்ந்த பதவிக்கு மொழி கேட்பது அங்கே விபரீதமான பேச்சு இல்லை.

எனக்கு இதில் ஒரு பயமும் உண்டு. அதன் பெயர் கோடீஸ்வரன் வழக்கு. சிங்களம் மட்டுமே என்ற 1956 சட்டத்துக்குப் பிறகு, இலங்கையில் அரசு எழுத்தராக இருந்த தமிழர் கோடீஸ்வரன் சிங்களத் தேர்வுக்கு உட்கார மறுத்தார். 1962-இல் அவருடைய சம்பள உயர்வை நிறுத்தினார்கள். 1964-இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1967-இல் இலங்கை உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் சம்பளத்துக்கு அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று சொல்லி அதைக் கவிழ்த்தது. 1969-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர் வழக்குப் போடலாம் என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்குக் கடைசி வரை தீர்ப்பே வரவில்லை. 1972-இல் அரசியலமைப்பே மாறிப்போனது. வேலையில் ஏற்கனவே இருப்பவனை வெளியே தள்ள மொழியை எடுத்தால் இதுதான் கதி. அதே இலங்கையில், 2007-இல் வந்த சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் அரசு ஊழியர்கள் மற்ற ஆட்சி மொழியையும் கற்றாக வேண்டும் என்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிவு. அதிகாரி எந்த இனத்தவர் என்பதைக் கேட்டால் அநியாயம். அவர் முன்னால் நிற்பவர் எந்த மொழியில் பேசுவார் என்பதைக் கேட்டால் நியாயம்.

வெளிமாநிலத்தவரால் ஆகாது என்பதையும் நான் ஏற்கவில்லை. எங்கள் வழக்கே அதற்குச் சாட்சி. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டேன். விசாரணை மொழி பற்றிய காரணத்தையும் மனுவில் எழுதியிருந்தேன். நீதிமன்றம் அதற்குள் போகவில்லை. கோப்பில் இருந்த ஆவணங்களைப் பரிசீலிக்கவில்லை என்ற ஒரு காரணமே போதும் என்று உத்தரவை ரத்து செய்து, மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. அதற்குள் முந்தைய அதிகாரி மாற்றலாகியிருந்தார். புதிதாக வந்தவரும் வெளிமாநிலத்தவர்தான். அவருடைய தமிழ் தடுமாறும், ஒருமை பன்மை முன்னே பின்னே போகும். ஆனாலும் ஊழியரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "பெரியவரே, உக்காருங்க. கிணறுக்கு மோட்டார் யார் போட்டது?" என்று தானே கேட்டார். பெரியவர் கம்மல் கதையிலிருந்து ஆரம்பித்தார். அதிகாரி நடுவில் நிறுத்தி, புரியாததைத் திரும்பக் கேட்டார். பிறகு பங்காளியைப் பார்த்து, கிணறு எத்தனை அடி என்றார். பங்காளி மகனைப் பார்த்தார். மகனுக்கும் தெரியவில்லை. ரசீதுகளையும் அடங்கலையும் அதிகாரி அங்கேயே புரட்டிப் பார்த்தார். பட்டா பெரியவர் பெயருக்கு வந்தது.

இதை அதிகாரிகளின் நல்ல மனசுக்கு விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18-ஆம் கட்டளை, 6-ஆம் விதி ஒன்று சொல்கிறது: சாட்சி பேசிய மொழியில் அல்லாமல் வேறு மொழியில் சாட்சியத்தை எழுதியிருந்தால், அந்த மொழி சாட்சிக்குத் தெரியாத பட்சத்தில், எழுதியதை அவர் பேசிய மொழியில் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். சிவில் நீதிமன்றத்தில் என் கட்சிக்காரருக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, பட்டா விசாரணை நடத்தும் உயர் அதிகாரியின் அறையிலும் இருக்க வேண்டும். தனக்காக எழுதிக்கொண்ட குறிப்பை அந்த அதிகாரியே தமிழில் படித்துக்காட்டி, சரிதானா என்று கேட்ட பிறகே உத்தரவு போட வேண்டும். அப்படிப் படித்துக்காட்ட முடியாதவருக்கு அந்த விசாரணையை ஒப்படைக்கக் கூடாது என்று அரசு விதி எழுதட்டும்.